கடைசி ஐந்து கிலோ

தமிழில் உடம்பைப் பற்றிய பேச்சு ஒரே தலைமுறைக்குள் தலைகீழாகிவிட்டது. "என்னடி, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்பது பிறந்த வீட்டுக்கு வரும் மகளிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வியாக இருந்தது. புகுந்த வீட்டின் மீதான ஒரு குற்றச்சாட்டும் அதற்குள் ஒளிந்திருந்தது. "பூசினாப்ல இருக்கா" என்பது பாராட்டு. சங்க அகப்பாடல்களில் தோள் மெலிவதும் வளை நெகிழ்வதும் பிரிவுத்துயரின் அடையாளங்கள். சொல்லாமல் மறைத்த துக்கத்தை ஊருக்குக் காட்டிக்கொடுப்பவை அந்த வளைகள். இன்று "வளையல் லூஸாயிடுச்சு" என்று வாட்ஸப் குழுவில் ஒருத்தி எழுதினால் பத்துப் பேர் கைதட்டுகிறார்கள். "இளைச்சுட்டியே, என்ன பண்ணினே?" என்ற கேள்வியில் பரிவு போய்ப் பாராட்டும் கொஞ்சம் பொறாமையும் வந்து உட்கார்ந்துவிட்டன.

இந்தப் புதிய பேச்சில் எடை கூடுவதற்குச் சொல் இருக்கிறது, குறைவதற்குச் சொல் இருக்கிறது. நிற்பதற்கு இல்லை. பத்துக் கிலோ குறைத்த ஒரு பெண்ணுக்கு, இலக்கைத் தொட நான்கைந்து கிலோ மிச்சமிருக்கும்போது எடை நகராமல் நின்றுவிடுகிறது. "ஸ்டக் ஆயிடுச்சு" என்கிறாள். சொல்லும்போதே குரல் தாழ்கிறது. பிறகு தன்மீதே ஒரு விசாரணையைத் தொடங்குகிறாள். கல்யாண வீட்டுப் பாயசமா? சாயங்காலம் தின்ற ஒற்றை வடையா? நடக்காமல் விட்ட இரண்டு நாளா?

நான் இதைத் தேக்கம் என்று சொல்வேன். ஏரியில் நீர் தேங்கினால் ஊருக்கு நல்லது. தெருவில் தேங்கினால் கேடு. எடை எங்கே, ஏன் தேங்குகிறது என்று பாராமலே அதைப் பெண்ணின் தோல்வி என்று முடிவுகட்டுவது யாருக்கு வசதி என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

*

முதலில் சினிமா. பெண்ணின் உடல் எடையையே கதையாக்கிய வணிகப் படம் என்றதும் நினைவுக்கு வருவது 'இஞ்சி இடுப்பழகி'. பிரகாஷ் கோவேலமுடி இயக்கத்தில் 2015 நவம்பரில் தமிழிலும், 'சைஸ் ஜீரோ' என்ற பெயரில் தெலுங்கிலும் வெளியானது. பருமனான நாயகியாக நடிப்பதற்காக அனுஷ்கா ஏறத்தாழ 20 கிலோ எடை கூட்டினார். மகளின் கல்யாணத்தை நினைத்துக் கவலைப்படும் அம்மாவாக ஊர்வசி. விரைவாக இளைக்கவைக்கும் மையம் ஒன்றை நடத்துபவராகப் பிரகாஷ்ராஜ். அந்த மையத்தின் சிகிச்சையால் தோழியின் உடல்நிலை கெட, நாயகி அதற்கு எதிராகப் பிரச்சாரத்தில் இறங்குகிறாள்.

படத்தின் நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டை அது எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மோசடிக்காரரிடம் வைக்கிறது. அவர் அம்பலப்பட்டதும் ஊர் சுத்தமாகிவிடுகிறது. பெண் பார்க்க வந்தவர்களின் பார்வை, அம்மாவின் புலம்பல், அக்கம்பக்கத்தின் கேலி எல்லாம் நகைச்சுவைக் காட்சிகளாகக் கடந்துபோகின்றன. அந்த மையத்துக்குப் பெண்களை அனுப்பிவைத்ததே அந்த வீடுகள்தான் என்பதைப் படம் கேட்காமலே விட்டுவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் படத்துக்குத் தெரிந்தவை இரண்டே வழிகள்: விஷம்போல வேகமாக இளைப்பது, அல்லது இருப்பதை ஏற்றுக்கொள்வது. மூன்றாவதாக, மெல்ல மெல்ல இளைத்து, நடுவில் நின்று, யோசிக்கும் பெண்ணுக்குத் திரைக்கதையில் இடமில்லை. ஒரே பாட்டில் பால்காரர் கோடீஸ்வரராகிவிடும் மரபு நம்முடையது. தேக்கம் என்பது பாட்டில் வெட்டிவிடப்படும் பகுதி. நாயகி காலையில் எழுந்து, எடை பார்த்து, நேற்றைய அதே எண்ணைக் கண்டு, அடுப்படிக்குப் போகும் நூறு நாட்களை எந்த இயக்குநரும் படமெடுக்க மாட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த நூறு நாட்கள் படத்துக்கு வெளியே நடந்தன. கூட்டிய எடையை அடுத்து வந்த 'பாகுபலி'யின் இரண்டாம் பாகத்துக்காகக் குறைக்க வேண்டிய நிலை அந்த நடிகைக்கு. கூட்டியபோது அர்ப்பணிப்பு என்று புகழ்ந்த அதே சினிமாப் பக்கங்கள், குறைவதற்கு நாளானபோது அதை வம்பாக்கின.

*

சினிமா வெட்டிவிட்ட பகுதியை உடலியல் எப்படிச் சொல்கிறது என்று பார்ப்போம்.

எடைக் குறைப்பு ஆலோசனைகளின் அடியில் பல காலமாக ஓர் எளிய கணக்கு இருந்துவருகிறது. 1958இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னது அது: 3500 கலோரி குறைத்தால் ஒரு பவுண்டு குறையும். நம் கணக்கில் கிலோவுக்கு ஏறத்தாழ 7700. இதை நேர்க்கோடாக நீட்டினால், தினமும் 500 கலோரி குறைக்கும் பெண் எந்தத் தேதியில் எந்த எடையில் இருப்பாள் என்று ஜாதகம் எழுதிவிடலாம். பல செயலிகள் எழுதியும் தருகின்றன. இந்தக் கணக்கில் தேக்கம் என்பதே கிடையாது. ஆகவே எடை நின்றால் கணக்கு தப்பு என்று யாரும் சொல்வதில்லை. பெண் பொய் சொல்கிறாள், ஒளித்துத் தின்கிறாள் என்று சொல்லிவிடுகிறார்கள். கணக்குக்கு இருக்கும் மரியாதை அவள் வாக்குமூலத்துக்கு இல்லை.

உடம்போ நேர்க்கோட்டில் நடப்பதில்லை. எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. சிறிய வீட்டுக்குக் குறைந்த விறகு போதும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த கெவின் ஹாலும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி செலவு குறைகிறது. பசியோ ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. அதாவது ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு இட்லி அளவு கூடுதல் பசி. ஒன்பது கிலோ குறைத்தவள், தொடங்கிய நாளில் இருந்ததைவிடப் பதினெட்டு இட்லி அளவு அதிகப் பசியோடு, அன்றைய அதே தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எடை கூடாமல் நிற்பதே பெரிய உழைப்பு. நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஸ்டக்'.

மனத்திண்மை இல்லாததால்தான் எடை நிற்கிறது என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பசியையே அடக்கும் புதிய ஊசி மருந்துகளிலும் தேக்கம் வருகிறது. செமாகுளுடைடை வைத்து 68 வாரம் நடந்த, 2021இல் வெளியான பெரிய சோதனையில், ஏறத்தாழ அறுபதாவது வாரத்தை ஒட்டி எடை இறங்குவது நின்றது. அங்கே யாரும் மருந்தைப் பார்த்து "உனக்குக் கட்டுப்பாடு போதாது" என்று சொல்லவில்லை.

தேக்கத்தை ஆண் உடம்பில் அறிவியல் எப்படி நடத்தியது என்பதற்கும் ஒரு பதிவு உண்டு. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு பட்டினிச் சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே அதற்கு முன்வந்தனர். ஆறு மாதம் அவர்களுக்கு அரைப்பட்டினி. நாளுக்கு ஏறத்தாழ 1570 கலோரி. அவர்கள் உணவைப் பற்றியே கனவு கண்டார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள். அந்தக் கலோரி அளவு இன்று நம் ஊரில் பெண்களுக்கு எழுதித் தரப்படும் பல டயட் சார்ட்டுகளில் இருப்பதைவிட அதிகம் என்பதைப் பெண்ணியர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். என் கவனம் வேறோர் இடத்தில் நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் எடை எப்படி இறங்கும் என்று முன்கூட்டியே வரைந்திருந்த கோடு, போகப்போகச் சரிவு குறைந்து, கடைசியில் சமதளமாகும்படிதான் இருந்தது. எதிர்பார்த்தபடி ஒருவருக்கு இறங்காவிட்டால் அவருடைய உணவின் அளவை மாற்றினார்கள். அந்த இளைஞர்களின் தேக்கம் ஒரு தரவு. நம் பெண்களின் தேக்கம் ஒரு நடத்தைச் சான்றிதழ்.

*

அடுத்த கேள்வி, அந்த இலக்கு எங்கிருந்து வந்தது என்பது. பெரும்பாலும் பி.எம்.ஐ. அட்டவணையிலிருந்து. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்த முறை, 1830களில் பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லேயின் கணக்குகளில் தொடங்கியது. அவர் தேடியது 'சராசரி மனிதனை', நோயாளியை அல்ல. அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்துப் பரப்பியது 1972இல் வெளியான ஓர் ஆய்வு. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் அதே ஆன்செல் கீஸ். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகள் அதில் இருந்தன. அத்தனை பேரும் ஆண்கள்.

இந்த எண் பயனற்றது என்று சொல்லவரவில்லை. தெற்காசியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே வருகின்றன. இந்தியாவில் 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் பருமன் என்று மருத்துவர்கள் வரம்பைக் கீழே இறக்கியதற்கு அதுதான் காரணம். மக்கள்தொகையின் போக்கைப் பார்க்க அது உதவும். ஒருத்தியின் உடம்புக்குள் எத்தனை தசை, எத்தனை கொழுப்பு, எத்தனை பிரசவம், எத்தனை வருட இரவுப் பணி என்று அதற்குத் தெரியாது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உயரம் 155 சென்டிமீட்டர். நாற்பத்தாறு வயதில் எடை 74 கிலோ; மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2. நோயின் வாசற்படி. பதினான்கு மாதத்தில் 65க்கு வந்தேன். சர்க்கரை அளவு 5.7 ஆனது. மூட்டு வலி குறைந்தது. அங்கே எடை நின்றது. ஐந்து மாதமாக அரைக் கிலோ மேலும் கீழுமாக அதே இடம். "இன்னும் அஞ்சு கிலோ இறக்கிடுங்கம்மா" என்றார் டாக்டர். ஏன் அறுபது என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். 155 சென்டிமீட்டருக்கு, 25 என்ற வரம்பு அறுபது கிலோவில் வருகிறது. அவ்வளவுதான் காரணம்.

உடல் எடையில் ஐந்திலிருந்து பத்துச் சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டிலும் கணிசமான நன்மை கிடைக்கிறது என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற கருத்து. நான் பன்னிரண்டு சதவீதம் குறைத்திருந்தேன். மருத்துவம் என்னிடம் கேட்டதை நான் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அப்படியானால் கடைசி ஐந்து கிலோவை யார் கேட்கிறார்கள்?

அந்தக் கேள்வியோடு சுற்றிலும் பார்த்தால் கேட்பவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மகளின் கல்யாண ஆல்பம் கேட்கிறது. அளவு மாறாத பழைய ஜாக்கெட் கேட்கிறது. "நீ விட்டுட்டா திரும்ப ஏறிடும்" என்னும் நாத்தனார் கேட்கிறார். தேக்கத்தை உடைக்கவென்றே தனிப் பேக்கேஜ் வைத்திருக்கும் ஜிம் கேட்கிறது. முதல் ஒன்பது கிலோ என் கணையத்துக்காகவும் மூட்டுக்காகவும் போனது. மிச்சம் ஐந்து கிலோ பிறர் கண்ணுக்காக. தேக்கத்தின் அரசியல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு காரணங்களும் ஒரே எண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன; உடம்பு நின்றபோதுதான் அவை பிரிந்து தெரிந்தன.

*

தேக்கத்தை உடைக்கச் சொல்லப்படும் வழிகளையும் பெண்ணின் நாளோடு வைத்துப் படிக்க வேண்டும். எட்டு மணி நேரம் தூங்குங்கள். மன அழுத்தத்தைக் குறையுங்கள். நடையை முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். உங்களுக்கெனத் தனியாகச் சமைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்த இடைவெளியைத் தொடாத எந்த டயட் சார்ட்டும் ஆணுக்காக எழுதப்பட்ட சார்ட்தான்.

பேலியோ உணவுமுறை தமிழ்நாட்டில் பரவியபோது இதைப் பல வீடுகளில் கண்ணால் பார்க்க முடிந்தது. கணவன் பேலியோவுக்கு மாறினால், வீட்டில் ஒருத்தி பாதாமை ஊறவைத்து வறுக்கிறாள், முட்டை அவிக்கிறாள், இறைச்சியை எடைபோட்டுச் சமைக்கிறாள், பட்டர் டீ கலக்குகிறாள். மனைவி மாறினால், அவளே எல்லோருக்கும் சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளைகளின் டிபன் பாக்ஸைக் கட்டிவிட்டு, கடைசியாகத் தனக்கென்று ஒரு வாணலியை ஏற்ற வேண்டும். முடியாத நாளில் மிஞ்சிய சோற்றைத் தின்கிறாள். மிஞ்சியதை வீணாக்காதே என்றுதான் அவளை வளர்த்தார்கள். பிறகு எடை நிற்கிறது. "உனக்குக் கன்ட்ரோல் இல்ல" என்கிறார், சமையலறைக்குள் கால் வைக்காமலே பதினைந்து கிலோ குறைத்தவர்.

2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சதை இருக்கும் உடம்பிலேயே சத்தில்லாமல் இருக்கிறது. அந்த உடம்பிடம் போய், இன்னும் இருநூறு கலோரி குறை, தேக்கம் உடையும் என்று சொல்வது மருத்துவம் ஆகாது. இருக்கும் தசையையும் இரும்புச்சத்தையும் அடகு வைத்து ஓர் எண்ணை வாங்குவது அது.

*

பெண்ணியம் இங்கே என்ன சொல்கிறது? பிரிட்டிஷ் உளச்சிகிச்சையாளர் சூசி ஆர்பக் 1978இல் எழுதிய 'ஃபேட் இஸ் எ ஃபெமினிஸ்ட் இஷ்யூ', பெண் அதிகமாக உண்பதை ஒழுக்கக்கேடாகப் பாராமல், அவள் வாழும் நிலைக்கு அவள் தரும் எதிர்வினையாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. நம்மில் பலருக்கு அது ஒரு திறப்பு. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டுக்கு எதிரான அந்தப் புத்தகமும் நிரந்தரமாக இளைப்பதற்கான வழி என்ற அறிவிப்போடுதான் அமெரிக்காவில் விற்கப்பட்டது. பாதை மாறியது, இலக்கு மாறவில்லை.

இன்றைய முழக்கம் வேறு: உன் உடலை அப்படியே நேசி. கல்லூரிச் சுவரொட்டியில் இதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சிதான். பதினெட்டு வயதில் எங்களிடம் இதை யாரும் சொல்லவில்லை. ஆனாலும் சர்க்கரை நோயில் தாயை இழந்த பெண்ணுக்கும், மூட்டு தேய்ந்து மாடிப்படி ஏற முடியாத துப்புரவுப் பணியாளருக்கும் இந்த முழக்கம் பாதி வழிதான் வருகிறது. எடையைக் குறைக்க நினைத்ததே தோற்றுப்போனதன் அடையாளம் என்று அவள் காதில் விழுந்துவிடக் கூடாது. குறைக்கவும் உரிமை உண்டு, குறைத்தது போதும் என்று சொல்லவும் உரிமை உண்டு. இரண்டாவதைப் பற்றி நம் எழுத்தில் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

போதும் என்று சொல்ல ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நோயின் வாசலில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து, ஒன்றும் செய்யாதவர்களைவிட 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு அசையாமலே உள்ளே உடம்பு திருந்திக்கொண்டிருந்தது. அந்த ஆய்விலும் பெண்கள் 110 பேர்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெண்ணுடலைப் பற்றிய அறிவு இன்னும் பிறர் வீட்டு விளக்கொளியில்தான் நமக்குக் கிடைக்கிறது.

ஆகவே எடை நின்றுபோன தோழிகளுக்கு நான் சொல்வது இது. முதலில் தைராய்டையும் இரும்புச்சத்தையும் பரிசோதியுங்கள். எடையை ஏற்றும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதென்றால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இன்னும் கட்டுக்குள் வரவில்லையென்றால், இன்னும் குறைக்கக் காரணம் இருக்கிறது. அதற்கான உதவியைத் தயங்காமல் கேளுங்கள். அவை கட்டுக்குள் இருக்கின்றனவா? தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடிகிறதா? இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? அப்படியானால் மிச்சமிருக்கும் ஐந்து கிலோவை யார் கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால், குறைத்ததைக் காப்பாற்றிக்கொண்டு அங்கேயே இருங்கள். அடுத்த தடவை டாக்டர் அட்டவணையைக் காட்டும்போது, உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாளை அதன் பக்கத்தில் வைத்து, இதில் எந்த வரிக்காக நான் இன்னும் இளைக்க வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்டேன். அவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "ஆறு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்றார்.